லிஃப்டில் யாரும் மாட்டவில்லை

ஜூன் 17, செவ்வாய்

ராத்திரியோடு ராத்திரியாகப் போன் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டிருக்கிறது. காலையில் 'உங்கள் சாதனம் இப்போது மேம்பட்டுள்ளது' என்று திரையில் ஒரு வாழ்த்து. மேம்பட்டது எது என்று தெரியவில்லை. கெட்டது என் காது.

என் இரண்டு செவிக்கருவிகளுக்கும் போனில் நான் வைத்திருக்கும் பெயர் ரெட்டைக்கிளி. சொன்னதைத் திருப்பிச் சொல்லும் என்பதால் ஆறாம் வகுப்பில் வைத்த பெயர். இன்று போன் 'ரெட்டைக்கிளி இணைக்கப்பட்டது' என்கிறது. பாடப் பதிவைப் போட்டால் ஒரு சத்தமும் இல்லை. பந்தியில் வந்து உட்கார்ந்துவிட்டு இலையைத் தொடாத உறவினர் மாதிரி இருக்கிறது.

சித்தப்பா சொன்னார்: "ஆஃப் பண்ணி ஆன் பண்ணு. உலகத்துல பாதி வியாதிக்கு அதான் மருந்து."

"மீதி பாதிக்கு?"

"கிரீஸ்."

அவர் லிஃப்ட் மெக்கானிக். எல்லாவற்றுக்கும் அவரிடம் இரண்டே மருந்து.

ஜூன் 18, புதன்

செய்து பார்த்தவை: போனை அணைத்து எழுப்பினேன். கிளிகளைச் சார்ஜ் பெட்டிக்குள் தூங்கவைத்து எழுப்பினேன். செயலியை நீக்கி மறுபடி போட்டேன். 'இந்தச் சாதனத்தை மறந்துவிடு' என்பதை அழுத்தி, பிறகு புதிதாக அறிமுகம் செய்துவைத்தேன். போன் என் கிளிகளை முதன்முறை பார்ப்பதுபோல் நடித்தது. சத்தம் மட்டும் வரவில்லை.

மாலையில் வேதியியல் படித்துக்கொண்டிருந்தபோது இரண்டு காதிலும் ஓர் ஆண் குரல்: "மேல போவுது சார். கீழ வரமாட்டேங்குது."

திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

"ஹலோ? சார்?" என்றது குரல். பிறகு அதுவும் இல்லை.

மேலே போவது, கீழே வராதது - எது? விலைவாசியா? உயிரா? புத்தக ஓரத்தில் குறித்துவைத்தேன். அம்மாவிடம் சொன்னபோது, "ஏதாவது நியூஸ் ஓடியிருக்கும், தூங்க விடு" என்று போர்வைக்குள் போய்விட்டாள். அம்மா இரவு ஷிஃப்ட் நர்ஸ். எங்கள் வீட்டில் பகலில்தான் மெதுவாகப் பேச வேண்டும்.

ஜூன் 19, வியாழன்

சித்தப்பாவின் போனுக்கும் ஏதோ ஆகியிருக்கிறது. அழைப்பு வருகிறது, எடுத்தால் எதிர்முனையில் சத்தமே இல்லையாம்.

அவர் பார்த்துக்கொள்ளும் ஒவ்வொரு லிஃப்டிலும் அவருடைய எண் ஒட்டியிருக்கும். உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் அழைத்தால் பாதி நேரம் சிக்னல் இருக்காது, குரல் வராது. அதனால் சத்தமில்லாத அழைப்பு என்றாலே அவருக்கு ஒரே அர்த்தம்தான். உடனே தன்னுடைய வசனத்தைத் தொடங்கிவிடுவார். எனக்கே மனப்பாடம்: "பயப்படாதீங்க. நான் இருக்கேன். கதவைத் தொடாதீங்க. உக்காந்துக்குங்க. மெதுவா மூச்சு விடுங்க. எங்கேயும் போகாதீங்க, நான் வந்துட்டே இருக்கேன்."

"உள்ள மாட்டினவங்க எங்க போவாங்க?" என்று அம்மா எப்போதும் கேட்பாள்.

கோபத்தில் நான் கிளிகளைக் கழற்றி மேசையில் போட்டிருந்த நேரத்தில், இன்று மட்டும் மூன்று முறை பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். எந்தக் கட்டடம் என்று தெரியாததால் எல்லாக் கட்டடத்துக்கும் போனார். கதவைத் திறந்தால் உள்ளே யாரும் இல்லை. கடைசியில் வந்து படியில் உட்கார்ந்தார்.

"யாரும் மாட்டல அண்ணி. ஆனா மாட்டினவங்க போன் பண்றாங்க."

"சாப்பிட்டுப் படு" என்றாள் அம்மா.

ஜூன் 20, வெள்ளி

சித்தப்பா குளிக்கப் போகும்போதும் போனைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துப்போகிறார். ஏன் என்று அம்மா இன்று சொன்னாள்.

மழைக்காலத்தில் ஒரு நாள் மின்சாரம் போய், டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் டீச்சர் ஒருவர் லிஃப்டில் மாட்டிக்கொண்டாராம். சித்தப்பாதான் வெளியே நின்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே திறந்துவிட்டார். அப்புறம் எங்கு பார்த்தாலும் இரண்டு வார்த்தை, ஒரு டீ. போன ஞாயிறு தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டேவிட்டார். "யோசிச்சுட்டு போன் பண்றேன்" என்றாராம் டீச்சர்.

சித்தப்பாவுக்கு நாற்பது ஆகப்போகிறது. போனுக்குக் காத்திருக்கும் முகம் எப்படி இருக்கும் என்று இன்றுதான் சரியாகக் கவனித்தேன். ஒரு காது மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதுபோல.

"வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிடட்டும்" என்றார் என்னிடம். "நடு மாடில நிக்கறதுதான் கஷ்டம்."

ஜூன் 21, சனி

செவிக்கருவிக் கடை அக்காவிடம் போனேன். அங்கே போனதும் பாடம் கணீரென்று இரண்டு காதிலும் கேட்டது. எனக்கு அழுகை வந்தது.

"சமத்தாத்தானேம்மா இருக்கு?"

"வீட்டுல இப்படி இல்லக்கா. வீட்டுல சண்டி பண்ணுது."

"அப்ப வீட்டுலதான் ஏதோ குறுக்க வருது. புதுசா ஏதாவது வாங்கினீங்களா?"

இல்லை என்றேன். இல்லைதானே?

வீட்டுக்கு வந்து சந்தேக நபர்களை ஒவ்வொருவராக அணைத்துப் பார்த்தேன் - மின்விசிறி, டிவி, பிரிட்ஜ்.

ஜூன் 22, ஞாயிறு

பால் திரிந்துவிட்டது. பிரிட்ஜ் நிரபராதி. அம்மா என்னோடு பேசவில்லை.

ஜூன் 23, திங்கள்

வரிசையாக எழுத வேண்டும்.

மாலை. நான் என் மேசையில். சுவருக்கு அந்தப் பக்கம் சித்தப்பாவின் அறை. திடீரென்று என் காதில் ஒரு பெண் குரல்: "ஹலோ, நான்தான். எங்க ஆபீஸ் போன்லேர்ந்து பேசறேன்."

நீங்கள்தான் என்றால் யார் என்று நான் விழிப்பதற்குள், சுவருக்கு அப்பால் சித்தப்பா, "ஹலோ? ஹலோ?" என்றார்.

காதில்: "கேக்குதா?"

சுவரில்: "ஹலோ... சரி. பயப்படாதீங்க. நான் இருக்கேன்."

காதில்: "நான் எதுக்குப் பயப்படணும்?"

சுவரில்: "கதவைத் தொடாதீங்க."

காதில்: "எந்தக் கதவு?"

சுவரில்: "உக்காந்துக்குங்க."

காதில்: "உக்காந்துதான் இருக்கேன். என்னங்க ஆச்சு உங்களுக்கு?"

சுவரில்: "மெதுவா மூச்சு விடுங்க."

அப்போது காதுக்குள் ஒரு சிரிப்பு வெடித்தது பாருங்கள்! கிளிகள் இரண்டும் கீச்சிட்டன. "ஐயோ, இது லிஃப்ட் வசனம்! அன்னைக்கு எனக்குச் சொன்னது ஒரு எழுத்து மாறாம அப்படியே! உங்களுக்கு நான் பேசறது கேக்கல, இல்ல?"

சுவரில்: "எங்கேயும் போகாதீங்க."

பிறகு காதில், மிக மெதுவாக: "போகல."

நான் அந்த நிமிஷமே கருவிகளைக் கழற்றியிருக்க வேண்டும். கழற்றவில்லை.

"கேக்காதப்பவே சொல்லிடறேன். நேர்ல எனக்கு வராது. சம்மதம். அன்னைக்கு நீங்க கதவைத் திறந்து, நான் வெளியில வந்து நின்னப்புறமும் 'பயப்படாதீங்க'ன்னு சொல்லிட்டே இருந்தீங்களே, அப்பவே சம்மதம். ஆனா நேர்ல வந்து கேட்டீங்கன்னா ஒரு வாரம் அலைய விடுவேன். கிளட்ச மெதுவாத்தான் விடணும்."

அழைப்பு நின்றது. அடுத்த நொடி சித்தப்பா கருவிப் பையோடு என் வாசலைத் தாண்டி ஓடினார். "யாரோ மாட்டிக்கிட்டாங்கம்மா!" அவருடைய வண்டிச் சத்தம் தெருமுனையைத் தாண்டியதுதான் தாமதம், என் போனில் பாதியில் நின்ற வேதியியல் பாடம் காதில் தானாகப் பேச ஆரம்பித்தது.

அவர் இருந்தால் கெடுகிறது. அவர் போனால் சரியாகிறது.

முட்டாளே. முட்டாளே. அவருடைய போன் எட்டாவது மாடியிலிருந்து லிஃப்ட் குழிக்குள் விழுந்ததும், என் பழைய போனைத்தானே இந்த மாதம் அவருக்குக் கொடுத்தோம்? அது புதுசாக வாங்கியதில்லை, அதனால் எனக்குத் தோன்றவே இல்லை. மேலே போவது, கீழே வராதது - லிஃப்ட்! விலைவாசியாம்.

சித்தப்பா திரும்பி வந்ததும் போனை வாங்கிப் பார்த்தேன். புளூடூத் பட்டியலில் முதல் பெயர்: 'ரெட்டைக்கிளி. இணைக்கப்பட்டது.' அந்தப் போனும் அதே ராத்திரி மேம்பட்டிருக்கிறது. மேம்பட்டதும் பழைய சிநேகம் ஞாபகம் வந்து, வருகிற குரலையெல்லாம் என் காதுக்கு அனுப்பியிருக்கிறது. நான் 'மறந்துவிடு' என்று அத்தனை முறை அழுத்தியது என் போனில். மறக்க வேண்டியது அது அல்லவே.

ஒரே அழுத்து. சரியாகிவிட்டது.

விஷயத்தைச் சொன்னேன். சித்தப்பா கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப... சாயங்காலம் வந்த போன்?"

"டீச்சர்."

"என்ன சொன்னாங்க?"

கேட்காது என்று தெரிந்ததால்தான் டீச்சர் அதைச் சொன்னார். கேட்கும் என்றால் சொல்லியிருக்க மாட்டார். அப்படியென்றால் அந்த வார்த்தை யாருடையது? என்னுடையது இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

"நேர்ல வந்து கேக்கறதைப் பத்திச் சொன்னாங்க" என்றேன். பொய் இல்லை. உண்மையின் ஒரு ஓரம்.

"நான் என்ன சொன்னேன்?"

"மூச்சு விடச் சொன்னீங்க."

சித்தப்பா தலையில் கைவைத்துக்கொண்டார்.

ஜூன் 24, செவ்வாய்

சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு நேரில் போய்க் கேட்டார். 'யோசிக்கணும்' என்றாராம் டீச்சர். சித்தப்பா தட்டைத் தள்ளி வைத்துவிட்டார்.

எனக்குப் பதில் தெரியும். கொதிக்கிற பாலை வாயில் வைத்துக்கொண்டு விழுங்காமலும் துப்பாமலும் இருப்பதுபோல் இருக்கிறது.

ஜூன் 27, வெள்ளி

இன்றும் போனார். இன்றும் யோசிக்கிறார்களாம்.

ஜூன் 30, திங்கள்

இதை நான் எதிர்பார்க்கவில்லை. சித்தப்பா அம்மாவிடம் சொன்னார்: "நாளைக்கு வேலை முடிஞ்சதும் போய், விட்டுடுங்க, இனிமே தொந்தரவு பண்ண மாட்டேன்னு சொல்லிடப் போறேன் அண்ணி. ஒரு பொம்பளை வாய்விட்டு வேண்டாம்னு சொல்ற வரைக்கும் போய் நிக்கறது மரியாதை இல்ல."

"அவசரப்படாதடா."

"அவசரமே இல்ல. தப்பான மாடில கதவு திறந்துடுச்சு. இறங்கிட வேண்டியதுதான்."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் வேதியியலைப் பார்த்தேன். ஐயோ, நான் என்ன செய்யட்டும்?

ஜூலை 1, செவ்வாய்

பள்ளி விட்டதும் நேராக டிரைவிங் ஸ்கூலுக்குப் போனேன். சின்ன அறை. சுவரெல்லாம் சாலைக் குறியீடுகள். டீச்சர் ஒரு பொம்மைக் காரை மேசைமேல் பின்னோக்கி ஓட்டி, வழுக்கைத் தலை மாணவர் ஒருவருக்கு எப்படி நிறுத்துவது என்று காட்டிக்கொண்டிருந்தார். மாணவர் போனதும் என்னைப் பார்த்தார்.

"லைசென்ஸுக்கு வயசு பத்தாதேம்மா."

"நான் லிஃப்ட் மெக்கானிக்கோட அண்ணன் பொண்ணு. போன் கோளாறைப் பத்தி விளக்கிட்டுப் போகலாம்னு வந்தேன்."

வேறு எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. முதலிலிருந்து சொன்னேன்: புதுப்பிப்பு, சார்ஜ் பெட்டி, கடை அக்கா, பிரிட்ஜ், பால். பால் வரைக்கும் டீச்சர் நன்றாகச் சிரித்தார். பழைய போன் வந்ததும் சிரிப்பு நின்றது.

"இரு இரு. அப்ப அவருக்கு வந்த போன் எல்லாம்?"

நான் காதைத் தொட்டுக் காட்டினேன்.

"எல்லாமேவா?"

"நான் வேதியியல் படிச்சுட்டிருந்தேன்."

"எதுவரைக்கும் படிச்ச?"

"கிளட்ச் வரைக்கும்."

டீச்சர் பொம்மைக் காரை எடுத்து மேசை இழுப்பறைக்குள் வைத்து மூடினார். பிறகு திறந்து மறுபடி வெளியே எடுத்தார். முகம் சுவரில் இருந்த 'நில்' பலகையின் சிவப்புக்கு வந்திருந்தது.

"அவர்கிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல. நீங்க அவர் கேக்கறதுக்காகச் சொல்லல. ஆனா..." விரலை மடக்கி எண்ணினேன். "ஒரு வாரம்தான் அலைய விடுவேன்னீங்க. நேத்தோட ஒரு வாரம் ஆயிடுச்சு. அவரு சாப்பிட மாட்டேங்கறாரு. இன்னைக்கு வந்து, விட்டுடுங்கன்னு சொல்லப் போறாரு."

டீச்சர் ஆபீஸ் போனை எடுத்து எண்ணை அழுத்தினார். மணி அடித்தது. இப்போது போன் சரியாகிவிட்டது, அவர் பேசினால் சித்தப்பாவுக்குக் கேட்கும். ஆனால் டீச்சர் பேசவில்லை. காதில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார்.

போனிலிருந்து கசிந்த குரல் எனக்கும் கேட்டது. "ஹலோ? ஹலோ?... சரி, பயப்படாதீங்க. நான் இருக்கேன். கதவைத் தொடாதீங்க..."

டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு முழுவதையும் கேட்டார். கடைசி வரி வந்ததும் சொன்னார்:

"எங்கேயும் போகல. வாங்க."

எதிர்முனையில் ஏதோ கனமான இரும்புச் சாமான் கீழே விழுந்தது.

அக்டோபர் 12, ஞாயிறு

போன் கேட்கிறது: 'புதிய பதிப்பு தயார். நிறுவலாமா?'

முதலில் போய்ச் சித்தப்பாவின் போனில் பட்டியலைப் பார்த்துவிட்டு வந்தேன். ரெட்டைக்கிளி அதில் இல்லை. அப்புறம்தான் 'சரி' அழுத்தினேன். மேம்படட்டும்.

திரை இருண்டு சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கிறது. போன் வழியாக இப்போது என் காதுக்குள் யாரும் இல்லை. ஜன்னல் வழியாகத் தெரு மட்டும் கேட்கிறது. கீழே டிரைவிங் ஸ்கூல் கார் நிற்கிறது, விக்கி விக்கி இரண்டடி நகர்கிறது, மறுபடி நிற்கிறது. ஓட்டும் இடத்தில் சித்தப்பா. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்திருக்கிறார்.

பக்கத்து இருக்கையில் சித்தி.

"பயப்படாதீங்க. நான் இருக்கேன். மெதுவா மூச்சு விடுங்க." கொஞ்ச நேரம் கழித்து, தெருவுக்கே கேட்கும்படி: "கதவைத் தொடாதீங்கன்னு சொன்னேன்ல!"