அபாங் ஜாம்

அண்ணே,

இன்று கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். முன்வரிசைச் சிறுமி ஒருத்தி என் மணிக்கட்டை எட்டிப் பார்த்து மலாய் கலந்து கத்தினாள்.

"டீச்சர், உங்க ஜாம் மாத்தி லா!"

கடிகாரம் நின்றிருந்தது; மூன்று நாள் காய்ச்சலில் அதற்குச் சாவி கொடுக்க மறந்திருந்தேன். காலையில் முள்ளைப் பார்க்காமலே கட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். வகுப்பை அப்படியே விட்டுவிட்டு வெளியே படிக்கட்டில் போய் உட்கார்ந்தேன். தோல்வாரை மூக்கருகே கொண்டுபோனால் இன்னும் உன் கிரீஸ் வாடை வருகிறது.

சிங்கப்பூர்க் கார்ப் பந்தயத்துக்குப் போன அந்த வெள்ளைக்காரரின் கார் நம் ஊர் காஜா பேராங்கில் நின்றது. நீதான் அடியில் படுத்து கிளட்சைச் சரிசெய்தாய். பல நாடுகளில் ஓட்டி ஜெயித்தவர் என்று பட்டறை முதலாளி தவுக்கே பிறகுதான் சொன்னார். அவர் தன் கையிலிருந்த தங்கக் கடிகாரத்தையே கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். பின்பக்கம் பொறித்திருந்த ஆங்கிலத்தை நான் வாசித்துச் சொன்னேன்: முதலில் வந்தவருக்கு.

"திரும்பக் கேட்டு வந்தார்னா?" என்றேன்.

"வந்தா வரட்டும். முதல்ல என்னைய முந்தச் சொல்லு."

"சைக்கிள்லயா?"

அம்மா அடுப்படியிலிருந்து, "மிதிக்கிறது ஓட்டைச் சைக்கிள், கட்டுறது ராஜா ஜாம்!" என்றாள். நீ கையை உயர்த்திக் காட்டிக்கொண்டே மிதித்துப் போனாய்.

நாட்டுக்கு மெர்டேக்கா, சுதந்திரம், வந்த வருடம் நான் பல்கலைக்கழகத்துக்குச் சிங்கப்பூர் போனேன். நான்காம் வகுப்போடு ஸ்பேனரைப் பிடித்தவன் நீ. பஸ் கிளம்பும்போது, "நீ படி பாப்பா, மத்தத நான் பாத்துக்கிறேன்" என்றாய். அதன் பிறகு விடுதிக்கு நீ இரண்டு தடவை போன் செய்தாய். இரண்டும் கடிகாரத்துக்காகத்தான்.

"மூணு நிமிசம் பின்னாடி ஓடுது பாப்பா. அங்க நல்ல கடையா பாத்து வை."

மூன்றாவது போனை விடுதிச் சமையல்காரச் சீன அம்மா எடுத்தாள். மாடிப்படியில் என்னை நிறுத்தி, கேட்டதைக் கேட்டபடியே சொன்னாள்.

"அபாங் ஜாம் சூடா மாத்தி."

அண்ணன் கடிகாரம் நின்றுவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். நான் சிரித்தேன், அண்ணே. அன்று மாலையே கடைகடையாக ஏறி இறங்கினேன். வெட்கத்தை விட்டு மூன்று கடைக்காரர்களிடம் பேசினேன். 'கடை கிடைத்துவிட்டது, அடுத்த வாரமே எடுத்துக்கொண்டு வா' என்று உனக்குக் கடிதம் போட்டேன்.

மலாயில் கடிகாரம் நின்றாலும் மாத்திதான், மனிதன் செத்தாலும் மாத்திதான். எனக்குத் தெரியாதா அது? தெரியாதது ஒன்றே ஒன்று. நான் ஊரை விட்டு வந்தபின் பட்டறையில் எல்லாரும் உன்னை 'அபாங் ஜாம்', கடிகார அண்ணன், என்றுதான் கூப்பிட்டார்களாம்.

ஜாக்கி நழுவி லாரி உன்மேல் இறங்கியிருந்தது. மறுநாள், "ஏன் வரல?" என்று திரும்பப் போன் வந்த பிறகுதான் ஓடிவந்தேன். தவுக்கே வாசலில் நின்றார்.

"நான்தானே சொன்னேன் தங்கச்சி, அபாங் ஜாம் மாத்தின்னு? நேத்து இருட்டுற வரைக்கும் வச்சிருந்தோம். அம்மா, 'பாப்பா வந்துரும், வந்துரும்'னு தூக்கவே விடல."

வேலைக்கு முன் கடிகாரத்தைக் கழற்றி ஆணியில் மாட்டுவாயே, அன்றும் மாட்டியிருந்தாய். உன்னை வெளியே இழுத்தபோது அது ஆணியில் ஓடிக்கொண்டிருந்ததாம். நிற்கவே இல்லையாம்.

அதற்கு மறுநாள் தபால்காரர் வந்தார். உனக்கு நான் எழுதிய கடிதத்தை நானே கைநீட்டி வாங்கினேன். அம்மா, "என்ன போட்டிருக்கு?" என்று கேட்டாள். நல்லா இருக்கேன்னு போட்டிருக்கு என்றேன். இன்றுவரை அவளுக்கு அதுதான் தெரியும். அன்று நான் வராதது சிங்கப்பூரில் பஸ் கிடைக்காததால்தான் என்று நம்பிக்கொண்டிருக்கிறாள்.

பட்டம் வாங்கிய படத்தில் என் கையில் உன் கடிகாரம் வளையலைப் போல் தொங்குகிறது. ஆண்பிள்ளைக் கடிகாரம் எதற்கு என்று பள்ளியில் கேட்கிறார்கள்.

இன்று பள்ளி விட்டதும் பண்டார் ஹிலிர் வரை நடந்தேன். மணிக்கூண்டைப் பார்த்துச் சாவி கொடுத்து, முள்ளைத் திருப்பி, உன்னிடம் ஓடியது போலவே மூன்று நிமிடம் பின்னால் வைத்தேன். அதை நான் எந்தக் கடையிலும் சரிசெய்யக் கொடுக்கவில்லை, கொடுக்கவும் மாட்டேன். தினமும் அந்த மூன்று நிமிடத்துக்குள், உன்னிடம் வர, மனசுக்குள் விடுதி மாடிப்படியில் இறங்கி ஓடுகிறேன், அண்ணே. தினமும் பஸ் போய்விடுகிறது.