நாற்காலியைச் சுமந்தவர்

லண்டன்,
அக்டோபர், 1833

கடல் கடந்து வான் டீமன் தீவில் தண்டனைக் காலத்தைக் கழிக்கும் அன்பு மாப்பிள்ளை ஜேபஸுக்கு, உம் மைத்துனன் பார்னபி எழுதிக்கொள்வது.

இங்கே எல்லாரும் நலம். என் தொப்பை என்னைவிட நலம். உம் மனைவி, என் தங்கை ஹெஸ்டர், இப்போது என் கேலிப்படக் கடையில்தான் வேலை பார்க்கிறாள். நான் செம்புத் தகட்டில் பெரிய மனிதர்களின் மூக்கை நீட்டுகிறேன். அச்சானதும் அவள் அதற்குச் சிவப்புப் பூசுகிறாள்.

கேட்டதை விட்டுவிட்டு மூக்கைப் பற்றி அளக்கிறேன், மன்னியும். சர் லூஷியஸ் உம் மன்னிப்பு மனுவை என்ன செய்தார் என்றுதானே கேட்டிருந்தீர்?

தேர்தலில் ஜெயித்த அன்று வழக்கப்படி அவரை நாற்காலியில் உட்காரவைத்து ஊர்வலம் போனோமே, முன்பக்கத்தை உம் தோள்தான் தாங்கியது. கலவரம் வந்தது, குதிரைப்படை வந்தது. அவர் குதித்து வண்டியேறிவிட்டார். நாற்காலியை விடாமல் நின்ற நீர் அகப்பட்டீர். "என்னைத் தூக்கின தோளை நான் கைவிடுவேனாம்மா?" என்று சர் லூஷியஸ் பிறகு ஹெஸ்டரின் கையைப் பிடித்துச் சொன்னார். சீர்திருத்தச் சட்டம் வந்தால் நமக்கெல்லாம் ஓட்டு என்றும் சொன்னார். சட்டம் வந்தது. ஓட்டு, பெரிய வாடகை கொடுக்கிறவனுக்கு வந்தது. அவருக்கு அரசாங்கத்தில் பதவி வந்தது.

உம் மனுவுக்காக ஹெஸ்டர் அவர் வாசலுக்கு நடந்த நடைக்கு அளவில்லை. "ஐயா வெளியூர்" என்பானாம் வேலைக்காரன். மாடியில் ஐயா பாடிக்கொண்டிருப்பாராம்.

எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் ஆண்பிள்ளை கல்லெறிவான். நான் பயந்தாங்கொள்ளி, படம் வரைவேன். நாற்காலியில் பன்றியாக அவர், உம் மனுவால் வாய் துடைத்துக்கொள்கிறார். அடியில் அதைச் சுமந்தபடி கால் விலங்கோடு நீர். படத்தைக் கடைச் சன்னலில் மாட்டினேன். தெரு அடைத்துக்கொண்டது. ஊர் சிரிக்கிற வெட்கத்திலாவது மனுவுக்கு வழி செய்வார் என்று நம்பினேன். மந்திரிசபையே ஆடிப்போகும் என்று ஹெஸ்டரிடம் பீற்றிக்கொண்டேன்.

போன செவ்வாய்க்கிழமை அவரே வந்தார். மேசைக்கடியில் ஒளியப் பார்த்தேன்; தொப்பை விடவில்லை. மனிதர் சிரிக்கிறார்! "பிரமாதம்யா பார்னபி! இந்தத் தொப்பைய எங்க பார்த்து வரைஞ்ச, கண்ணாடியிலயா?" என்றார். படம் போடுகிற அளவுக்குக் கணவர் பெரிய ஆளாகிவிட்டார் என்று அவர் மனைவிக்குப் பெருமையாம். நண்பர்களுக்குக் கொடுக்க ஒரு கட்டுக் கேட்டார்.

பிறகு உம் முகத்தின்மேல் விரலை வைத்தார். "அடியில நிக்கிறானே, யாருய்யா இவன்? ரொம்ப அழுமூஞ்சியா இருக்கான். அடுத்த தடவை அச்சுப் போடறப்ப கொஞ்சம் சிரிக்க வையேன்."

ஹெஸ்டர் தூரிகையைக் கீழே வைத்தாள். "அது என் வீட்டுக்காரர்ங்க. நீங்க வாய் துடைக்கிறது அவரோட மனுங்க."

"அடடா, பாவம். ஆபீசுக்கு எழுதிப் போடும்மா," என்றார். கிளம்பிவிட்டார். படக்கட்டுக்கு நூல் சுற்றி அழகாக முடிச்சுப் போட்டுக் கொடுத்தது யார் என்று கேட்காதீர். கடைக்காரன் கை, மாப்பிள்ளை.

வெளியே நின்ற கூட்டமாவது ஏதாவது எறியும் என்று பார்த்தேன். "எல்லாப் பயலும் இப்படித்தான். வாடா, பீர் குடிக்கலாம்" என்றான் ஒருவன். எல்லாரும் கலைந்தார்கள்.

அன்றே தகட்டிலிருந்து அவரைச் சுரண்டித் தேய்த்தேன். எவ்வளவு தேய்த்தும் நாற்காலியில் அவர் தொப்பையின் கோடு லேசாகத் தெரிகிறது. உம் விலங்கையும் தேய்த்துவிட்டேன். என் தகடு, யாரிடமும் மனுப் போட வேண்டியதில்லை. ஹெஸ்டர் உம் கோட்டுக்கு நீர் கல்யாணத்தன்று போட்டிருந்த நீலத்தைப் பூசினாள். அந்தப் படத்தை ஒருவரும் வாங்கவில்லை. சிரிக்க அதில் ஒன்றுமில்லையாம். ஒரு பிரதி இதனுடன் அனுப்பியிருக்கிறேன்.

ஹெஸ்டர் துறைமுகத்தில் கப்பல் விவரம் விசாரிக்கிறாள். உமக்கு எழுத வேண்டாம் என்றாள். ஆகையால் நான் எழுதவில்லை. இனிமேல் அங்கே பாய்மரம் தெரிந்தால் மன்னிப்பு வருகிறதா என்று பார்க்காதீர். கப்பலில் இருந்து இறங்குகிற பெண்களைப் பாரும்.

ஆண்டவன் உமக்கு உழ நல்ல மண்ணும் நல்ல தூக்கமும் தரட்டும். காலி நாற்காலிதான், மாப்பிள்ளை. அதை இறக்கி வையும்.

உம் மைத்துனன்,
பார்னபி டக்வெல்