வால் பக்கத்துக் கரகரப்பு

மார்ச் 5, செவ்வாய்

இன்றும் பறக்கவில்லை. மழைக்கு முன்னால் சுங்கை ஆயர் தாவார் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களுக்கு உரம் தூவியாக வேண்டும். விமானமோ கொட்டகையில் கிடக்கிறது. தடுத்து வைத்திருப்பது வேறு யாருமில்லை, என் பெண்டாட்டி. ஜெனவீவ்தான் இதற்குப் பொறியாளர். அவள் கையெழுத்துப் போடாமல் நான் ஏற முடியாது. ஊரில் எவனுக்காவது இப்படி வாய்த்திருக்கிறதா?

வாய் சும்மா இருந்திருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது, "ஸ்டிக்க இழுத்து மூக்கத் தூக்கறப்ப வால் பக்கம் கொஞ்சம் கரகரங்குது" என்று சொல்லித் தொலைத்தேன். மறுநாள் காலையிலேயே வாலைத் திறந்துவிட்டாள்.

மார்ச் 6, புதன்

முதலாளி ஃபிரான்சிஸ் வந்தார். "என்ன லா பெர்னாட், நெசமாவே கரகரங்குதா?"

ஜெனவீவ் பக்கத்தில்தான் நின்றாள். "அப்படி ஒண்ணும் நான் சொல்லலையே, பாஸ்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? அலுப்புதான். உரம் ஏற்றும் ஆட்களின் கிண்டல் வேறு. "அண்ணே, அக்கா லீவு குடுத்துட்டாங்களா?"

ஏன் மாற்றிச் சொன்னீர்கள் என்று வீட்டில் கேட்டாள். நானும் கத்திவிட்டேன்: "பொண்டாட்டிகிட்ட பேசறத எல்லாம் ரிப்போர்ட்ல எழுதுவியா நீ?" தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மார்ச் 7, வியாழன்

ஃபிரான்சிஸ் வெளியிலிருந்து தேவன் என்ற பொறியாளரைக் கூட்டிவந்தார். ஜெனவீவ், "அடியில கேபிள் ஓடற ஒரு கப்பி இன்னும் பாக்கல" என்றாள். யார் காது கொடுத்தது? தேவன் டார்ச் அடித்துப் பார்த்தார், எல்லாவற்றையும் மூடச் சொன்னார், தே தண்ணி ஆறுவதற்குள் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

பறந்தேன். கரகரப்பு கையில் தெரிந்தது.

மார்ச் 8, வெள்ளி

இன்றும் பறந்தேன். நேற்றைவிட அதிகம். தேவன் ஊருக்குப் போயாயிற்று. யாரிடம் போய்ச் சொல்ல? சொல்ல வேண்டியவளிடம் நானே வாயை அடைத்துக்கொண்டேனே — மடையன்.

தவக்கால வெள்ளி. பருப்பும் நெத்திலியும். எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் சொன்னேன்: "ஜெனி, அது இன்னும் இருக்கு. ஜாஸ்தியாயிருச்சி."

அவள் கை சோற்றிலேயே நின்றது. "இத யார்கிட்ட சொல்றீங்க? பொண்டாட்டிகிட்டயா, இன்ஜினியர்கிட்டயா?"

"ரெண்டு பேருகிட்டயும்தான்."

"விடியட்டும்" என்றாள்.

மார்ச் 9, சனி

வாலின் அடித்தகட்டைக் கழற்றினாள். என்னை விமானி இருக்கையில் உட்கார வைத்து ஸ்டிக்கை முன்னும் பின்னும் மெதுவாக நகர்த்தச் சொன்னாள். நகர்த்தினால்தான் வாலை அசைக்கும் கேபிளில் கப்பிக்குள் ஒளிந்திருக்கும் பகுதி வெளியே வருமாம். கிழிந்த கைலித் துண்டால் கேபிளைப் பிடித்துத் தடவிக்கொண்டே போனாள். ஓரிடத்தில் துணி மாட்டிக்கொண்டது. இழுத்தாள், வரவில்லை.

இறங்கிப் போய்ப் பார்த்தேன். கேபிளின் இழைகள் அறுந்து முள் முள்ளாக நின்றன. உரத்தூள் இறங்கி அரித்திருக்கிறது. பாதிக்கு மேல் போய்விட்டது. மிச்சமும் போயிருந்தால் மூக்கைத் தூக்க வழியே இல்லை, நேரே செம்பனைக்குள்தான்.

திட்டுவாள் என்று நின்றேன். திட்டவில்லை. அப்படியே சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தாள். "நேத்து இதுலதானே பறந்தீங்க... இதுலதானே..." கையெல்லாம் கிரீஸ், கண்ணைத் துடைக்கவும் முடியவில்லை அவளுக்கு. என் சட்டையால் துடைத்துவிட்டேன். என்ன மனுஷன்டா நான்.

மார்ச் 10, ஞாயிறு

பூசையில் ஃபிரான்சிஸைப் பார்த்தோம். கேபிள் படத்தை ஜெனி நேற்றே அவருக்கு அனுப்பியிருந்தாள். எங்கள் பக்கம் திரும்பவே இல்லை மனிதர்.

மார்ச் 14, வியாழன்

நல்ல மழை. உரம் தூவாத தோட்டத்துக்காரர்கள் ஃபிரான்சிஸைக் காய்ச்சுகிறார்கள். உடம்பெல்லாம் அசதி, சும்மா இருந்தே.

மார்ச் 19, செவ்வாய்

புதுக் கேபிள் வந்து மாட்டியாயிற்று. வெயிலும் அடித்தது. ஃபிரான்சிஸ் கொட்டகைக்கு வந்து என் தோளைத் தொட்டார். "பெர்னாட், இப்ப ஒண்ணும் இல்லல்ல? ஏறலாமா?"

"அவகிட்ட கேளுங்க, பாஸ்."

ஜெனவீவ் வாலுக்குள் தலையை விட்டிருந்தாள். அவர் கேட்டது காதில் விழுந்திருக்கும், கைலித் துண்டால் புதுக் கேபிளைத் தடவிக்கொண்டே போனாள். அவள் முடிக்கட்டும் என்று நானும் பாஸும் நின்றுகொண்டிருந்தோம்.