ரிசர்வில் இருந்த ஒரு லிட்டர்

சேசு மரி சூசை துணை

இராயபுரம்
20-2-1974, புதன்கிழமை

அன்பு மகன் ஹென்றிக்கு, அம்மா ஆசி கூறி எழுதுவது. பிலாயில் நீ சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நானும் உன் அப்பாவும் உயிரோடு இருக்கிறோம், அதை முதலில் எழுதிவிடுகிறேன், மீதியைப் படிக்கும்போது நீ பதறக்கூடாது. எனக்கு இன்னும் பதற்றம் அடங்கவில்லை. மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை, எங்கேயாவது ரயில் ஊதினால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுகிறேன். நம் வீட்டுக்கு ரயில் சத்தம் என்ன புதுசா, சொல்லு.

ஞாயிற்றுக்கிழமை எண்ணூர் கோயிலில் ஃப்ளோரன்ஸ் சித்தி மகளுக்கு மூன்றாவது கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தார்கள், தவக்காலம் தொடங்குவதற்குள் வருகிற திங்கட்கிழமையே கல்யாணம். அவளுக்கு எடுத்த புடவையை மடியில் வைத்துக்கொண்டு உன் புல்லட்டில்தான் போனோம். உன் அப்பாவின் கணக்கு உனக்குத் தெரியாததா. தெருவில் நிற்கிற வண்டியில் டாங்கி நிறையப் பெட்ரோல் வைத்தால் எவனாவது ரப்பர் குழாய் போட்டு உறிஞ்சிவிடுவான் என்று ஒரு லிட்டர், இரண்டு லிட்டருக்கு மேல் ஊற்றவே மாட்டார், விலை ஏறின பிறகு கேட்கவே வேண்டாம். சனிக்கிழமை மத்தியானம் ஹார்பரிலிருந்து திரும்பும்போது நம் தெருமுனையிலேயே வண்டி திக்கி நின்று, குழாயை ரிசர்வுக்குத் திருப்பித்தான் வீடு வந்து சேர்ந்தார். காலையில் கிளம்பும்போது, முதலில் பெட்ரோல் போட்டுக்கொள்ளலாமே என்றேன். "ரிசர்வுல முழுசா ஒரு லிட்டர் கீது, லிட்டருக்கு முப்பது கிலோமீட்டர், எண்ணூரு பதிமூணு, இன்னாத்துக்கு நடுவுல நிக்கணும், குந்து" என்றார். நானும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். ஏன் மூடிக்கொண்டேன் என்பதைப் பிறகு எழுதுகிறேன்.

திருவொற்றியூர் தாண்டி எண்ணூர் வரப்போகிற இடத்தில் ரயில்வே கேட் இருக்கிறதே, திறந்துதான் இருந்தது. மேட்டில் ஏறும்போது வண்டி இரண்டு தரம் இருமியது, தண்டவாளத்தின் நடுவில் போய் அப்படியே அணைந்துவிட்டது. அப்பா பழக்கத்தில் கையைக் கீழே விட்டுக் குழாயைத் தடவினார், அது ஏற்கனவே ரிசர்வில்தானே இருக்கிறது. உதைத்தார், உதைத்தார், ஒன்றும் இல்லை. நான் இறங்கிவிட்டேன். அந்த நேரத்தில் கேட்காரர் மணி அடித்துக் கொடியை வீசிக்கொண்டு "யோவ், கூட்ஸு வந்துகினு கீது, வண்டிய வுட்டுட்டு ஓடியாய்யா" என்று கத்துகிறார். இந்த மனுஷன் என்ன செய்தார் தெரியுமா, அடியில் ஒரு சொட்டாவது மிச்சம் இருக்கும் என்று வண்டியைக் குழாய்ப் பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், தண்டவாளத்தின் மேலே, ஹென்றி! நான் சட்டையைப் பிடித்து இழுக்கிறேன், "ஹென்றி வண்டிடி, ஹென்றி வண்டிடி" என்று அதையே சொல்லுகிறார், காது கேட்கவில்லை அவருக்கு. கேட்காரர் ஓடிவந்து முன்சக்கரத்தைப் பிடித்து இழுக்க, அப்பா பின்னாலிருந்து தள்ள, நான் எதைப் பிடித்தேன் என்றே நினைவில்லை, மூன்று பேருமாகச் சரிவில் போய் விழுந்தோம். புழுதி அடங்குவதற்குள் எஞ்சின் எங்களைத் தாண்டிப் போகிறது. என் ஒரு செருப்பு தண்டவாளத்தில் மாட்டிக்கொண்டது. ரயில் போன பிறகு பார்த்தால் அதில் பாதிதான் இருந்தது. கேட்காரர் பானையிலிருந்து தண்ணீர் கொடுத்துவிட்டு, "பெட்ரோல் இல்லாத வண்டில பொஞ்சாதிய வேற ஏத்திகினு வந்துட்டாரு" என்று திட்டினார். அந்த மனுஷன் பெயரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டோம். இனி செத்தாலும் அந்த வண்டியில் ஏறமாட்டேன் என்று அங்கேயே சொல்லிவிட்டேன், கோயில் வரைக்கும் அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வர நான் நடந்தேன், திரும்பி வரும்போது பஸ்ஸில் வந்தேன்.

இதோடு போயிருந்தால் மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி முடித்திருப்பேன். அப்பாவுக்குக் கணக்கு உதைத்துக்கொண்டே இருந்தது. ஒரு லிட்டர் எப்படிப் பதிமூணு கிலோமீட்டருக்கு முன்னால் தீரும், யாரோ எடுத்திருக்கிறான் என்றார். சனிக்கிழமை சாயங்காலம் பக்கத்து வீட்டுத் தாமோதரன் வண்டி அருகே பீடி பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தாராம். தாமோதரன் காசிமேட்டில் மீன்பிடி லாஞ்சுக்கு எஞ்சின் டிரைவர், அவர் வீட்டில் ரப்பர் குழாய் இல்லாமல் இருக்குமா. போதாதா, ஞாயிறு சாயங்காலம் தெருவே பார்க்க வாசலில் நின்று கேட்டுவிட்டார். தாமோதரன் சண்டைக்கு வரவில்லை. "அண்ணாத்த, பதினெட்டு வருசமா பயகிகினு கீறோம், நான் எடுத்திருந்தா உன்கைல சொல்லிட்டுதான் எடுத்திருப்பேன்" என்றார், உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மறுநாள் அவர் மனைவி கன்னியம்மா நம் எவர்சில்வர் தூக்கைத் திருப்பி அனுப்பினாள். இத்தனை வருஷத்தில் அந்த வீட்டிலிருந்து நம் பாத்திரம் ஒரு நாளும் காலியாக வந்ததில்லை, ஒரு துண்டு மீனாவது, இரண்டு கைப்பிடி உப்பாவது இருக்கும். இந்தத் தரம் துடைத்து, காலியாக வந்தது. அதைக் கையில் வாங்கிக்கொண்டு நின்றபோது எனக்கு ரயிலைவிட அதுதான் பயமாக இருந்தது.

மகனே, பெட்ரோலை எடுத்தது நான்தான். அப்பாவின் நல்ல பேன்ட்டில் ஹார்பரில் பாரம் தூக்குகிற விஞ்ச் மிஷினின் கிரீஸ் ஒட்டியிருந்தது, சோப்புக்குப் போகவில்லை, சம்பந்தி வீட்டார் முன்னால் அதோடு எப்படி நிற்பார். கார்புரேட்டர் குழாயைக் கழற்றித் தம்ளரில் பெட்ரோல் பிடித்துத் துடைத்தால் கறை போகும் அம்மா என்று நீதானே காட்டிக்கொடுத்தாய். சனிக்கிழமை மத்தியானம் அவர் தூங்கும்போது அப்படித்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்துக் காத்திவாக்கத்து இறால்காரி அங்கம்மா வாசலில் கூப்பிட்டாள், விலை பேசிப் பேசி இறாலை வாங்கிக்கொண்டு வந்து பார்த்தால் தம்ளர் நிரம்பி வழிந்து மண்ணெல்லாம் ஈரம். அவசரமாகக் குழாயை மாட்டி, மேலே அடுப்புச் சாம்பலைக் கொட்டி மூடினேன். கொஞ்சம்தானே போயிருக்கும் என்று நினைத்தேன். அதனால்தான் காலையில் பெட்ரோல் போடலாம் என்று ஒரு தரம் சொன்னவள் இரண்டாம் தரம் சொல்லவில்லை, சொன்னால் ஏன் என்று கேட்பாரே. அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்து அவரைத் தண்டவாளத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். இப்போதெல்லாம் இராத்திரியில் அவர் தூக்கத்திலிருந்து எழுந்து என் தலையைத் தடவி, "உன்ன நானே கொன்னுருப்பேன்டி" என்று அழுகிறார். அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்லுவேன்.

நேற்று வந்து, தாமோதரனைப் பற்றிப் படகு முதலாளியிடம் நாளை வியாழக்கிழமை காலையில் சொல்லப்போவதாகச் சொன்னார். லாஞ்சில் டீசல் குறைகிறது என்று முதலாளிக்கு ஏற்கனவே சந்தேகமாம். சொன்னால் அந்த மனுஷனுக்கு வேலை போய்விடும், இரண்டு பெண் பிள்ளைகள் இருக்கிற வீடு. அதனால் இன்றே எழுதுகிறேன். உனக்கு எழுதுகிற கடிதத்தில் கடைசியாக இரண்டு வரி எழுதி, அவரே ஒட்டித் தபாலில் போடுவதுதானே வழக்கம். ஐந்து மணிக்கு ஷிப்டு முடிந்து வருவார், படிப்பார். வாயால் சொல்ல முடியாததை இதில் எழுதிவிட்டேன், அவருக்கும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறேன்.

நீ அங்கே யார் வண்டியை ஓட்டினாலும் டாங்கியில் பாதிக்குக் குறைய விடாதே, ரிசர்வை நம்பி வீட்டை விட்டுக் கிளம்பாதே, மூடியைத் திறந்து கண்ணால் பார். குளிருக்குக் காதைக் கட்டிக்கொள். பூசைக்குப் போகத் தவறாதே. சேசுவின் திரு இருதயம் உன்னைக் காக்கட்டும், நெற்றியில் சிலுவை போட்டு முத்தமிடுகிறேன்.

உன் அம்மா
சிலுவையம்மாள்

மகன் ஹென்றிக்கு அப்பா ஸ்டானிஸ்லாஸ் எழுதுவது. மேலே இருப்பதைப் படித்தேன். அம்மாவை ஒன்றும் கேட்கவில்லை. நாளைக்குச் சொல்வதாகத்தான் அவளிடம் சொல்லியிருந்தேன், ஆனால் மத்தியானம் முதலாளியை ஹார்பர் வாசலில் பார்த்தேன், சொல்லிவிட்டேன். சாயங்காலமே தாமோதரனை வேலையிலிருந்து நிறுத்திவிடுவதாகச் சொன்னார். இப்போது காசிமேட்டுக்குப் போகிறேன். டாங்கி நிறைய இருக்கிறது, மூடியைத் திறந்து பார்த்துவிட்டேன். உன் அம்மா வெறுங்காலோடு வந்து பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டாள். இதைப் போகிற வழியில் பெட்டியில் போடுகிறேன்.