நூற்றுப் பதினெட்டாவது டர்னில் வடகரை மன்னன்

செப்டம்பர் 8, திங்கள். காலை 9.42. ஏழாவது முறை.

ஆபீஸ். ஏசி வேலை செய்யவில்லை. நாவலூர் வந்து சேர்வதற்குள் சட்டை நனைந்துவிட்டது, மேடவாக்கம் சிக்னலில் மட்டும் இருபது நிமிடம்.

வெள்ளியன்று பாதியில் விட்ட ஆட்டத்தைத் தொடர்ந்தேன். எங்கள் கம்பெனியின் கம்ப்யூட்டர் போர் விளையாட்டு, ஆளுக்கொரு முறை காய் நகர்த்தினால் ஒரு டர்ன். நான் தென்மலை நாடு. வடக்கே வடகரை, என் நட்பு நாடு. அதற்கும் அப்பால் கற்கோட்டை, இருவருக்கும் எதிரி. ஐம்பத்தேழாவது டர்னில் வடகரை மன்னனோடு (இனி வ.ம.) கூட்டணி. ஐம்பத்தெட்டில் இருந்து என் குதிரைப்படை மூவாயிரம் பேர் அவன் ஆற்றங்கரையில் காவல். யாருக்காக? அவனுக்காக. கற்கோட்டைக்காரன் அந்தத் துறை வழியாகத்தான் வருவான்.

ஒவ்வொரு டர்னிலும் வ.ம. சொல்வது: "நண்பரே, நம் நட்பு நிலைக்கட்டும்."

நூற்றுப் பதினெட்டாவது டர்ன். முன்னறிவிப்பு கிடையாது. போர்ப் பிரகடனம். என் தலைநகரை முற்றுகை போட்டான். குதிரை எல்லாம் அவன் ஊரில், நான் இங்கே வெறும் ஈட்டிக்காரர்களோடு.

இதுவரை போர் வந்த டர்ன்: 117, 118, 118, 116, 119, 118, இன்றைக்கு 118. தற்செயலா இது? யாரோ உள்ளே கடிகாரம் வைத்திருக்கிறார்கள். அறுபது டர்ன் ஆனால் துரோகம் செய் என்று.

பொதுவாகவே இந்தக் கம்ப்யூட்டர் மன்னர்கள் மேல் எனக்கு இருக்கும் கோபம், ஒரு முறை எழுதித் தொலைக்கிறேன்:
– ஒரே ஒரு கோட்டை மிச்சம். பட்டினி. அப்போதும் சமாதானத்துக்கு என்னிடம் மூன்று ஊர் கேட்பான்.
– நான் தானமாக ஒரு ஊரைக் கொடுத்தால் "இது எங்களுக்கு அவமானம்" என்பான்.
– உதவிக்குப் படை அனுப்பு என்றால் ஒரு தூதனை அனுப்புவான். ஒரே ஒருத்தன். வாழ்த்துச் சொல்ல.

மதியம் 1.20. ரேவதியின் மெஷினில் உட்காரப் போனேன். ரேவதிதான் இந்த மன்னர்களின் மூளையை எழுதியவள். நான் சோதிப்பவன். அவள் மெஷின் வேகம். என்னுடையதில் ஏழு மணி நேரம் ஆகிற ஆட்டம் அங்கே ஒன்றரை மணியில் முடியும். அவள் ஒன்றேகாலுக்குச் சாப்பிடப் போவாள், நான் உட்காருவேன். திரும்பி வந்து "சாப்டியா தினா?" என்பாள். நான் எழுந்து வருவேன். ஒரு மாதமாக இப்படித்தான். அவள் எழுதியதைத்தானே சோதிக்கிறேன், எனக்காகவா?

இன்றைக்குப் பாஸ்வேர்டு கேட்கிறது.

திடீரென்று. ஒரு காரணமும் இல்லாமல்.

வ.ம. துரோகம் ஒரு பக், அதாவது நிரலில் பிழை என்று நான்காவது டிக்கெட், புகார்ச் சீட்டு, போட்டேன். முதல் மூன்றையும் அவள் மூடிய விதம்: "வடிவமைத்தபடிதான் வேலை செய்கிறது." மூன்றே வார்த்தை, மூன்று முறையும் அதே. விளக்கம் இல்லை. இந்த முறை கீழே ஒரு வரி சேர்த்தேன்: "இதை எழுதியவர் வாழ்க்கையில் ஒரு கூட்டணியிலும் இருந்ததில்லை போல."

அனுப்பிவிட்டேன்.


செப்டம்பர் 9, செவ்வாய்

காலையில் தண்ணீர் இல்லை. மோட்டார் காயில் போய்விட்டதாம். அம்மா, "ஆபீஸ் போறதுக்கு முன்னாடி எலெக்ட்ரீஷியனுக்கு ஒரு போன் பண்ணுடா" என்றாள். மறந்துவிட்டேன். சாயங்காலம் இரும்புலியூர் தெருவே பார்க்கும்படி வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

சுந்தர் சார் கூப்பிட்டார். எங்கள் டீம் லீட். அறைக் கதவை மூடினார், அதுவே கெட்ட சகுனம்.

"வடகரை மேல இது நாலாவது டிக்கெட் தினா."

"நாலு தடவையும் அதே பிரச்சனை சார்."

"போன மாசம் அகழி வத்திப் போகுதுன்னு போட்ட. கோடைக்காலம்டா அது. அதுக்கு முன்னாடி யானை நகரலன்னு போட்ட."

"யானை நகரலதான்."

"தூங்கிட்டிருந்துச்சு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு மீட்டிங். பில்டு வெளிய போகணும். நீ சொல்றது நிஜமான பக்னா நிறுத்திடறேன், ரேவதி உக்காந்து சரி பண்ணட்டும். இல்லன்னா திங்கக்கிழமைல இருந்து நீ பழம் டீம்."

எழுதியதை எல்லாம் சேர்த்து ஆட்டமாகக் கட்டுவதுதான் பில்டு. பழம் டீம் என்றால் மொபைலில் பழம் அடுக்கும் விளையாட்டு. மாம்பழத்தின் மேல் மாம்பழமாக மூன்று வைத்தால் மூன்றும் வெடிக்கும். அதை ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் வெடிக்க வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டு வருடம் காத்திருந்து வந்தவன் நான் இந்த விளையாட்டுக்கு.

"அப்புறம் அந்தக் கடைசி வரி," என்றார். "தேவையா அது?"

தேவைதான் என்று சொல்லவில்லை.

ரேவதி (இனி ரே.) என்னைக் கடந்து போனாள். "சாப்டியா?" கூட இல்லை. சரி, போ.


செப்டம்பர் 10, புதன்

காலையில் வெயில், பத்து மணிக்கு மழை, பதினொன்றுக்கு மறுபடி வெயில். சர்வீஸ் ரோட்டில் முழங்கால் தண்ணீர்.

ஏழுமலை வந்தான். எங்கள் ஓவியன், கப்பல், கோட்டை, கொடி எல்லாம் அவன் வரைவது. கோவளத்துப் பக்கம் மீனவக் குப்பம், அப்பாவுக்கு ஃபைபர் படகு. தென்மலைக் கொடியின் நிறம் என் திரையில் சரியாகத் தெரிகிறதா என்று பார்க்க டீ டம்ளரோடு வந்தவன், நிறத்தை விட்டுவிட்டான்.

"இன்னா மச்சான், உன் குதிரைங்கோ ஏன் அவன் ஆத்தாண்ட நிக்குது?"

"காவல்."

"யாருக்கு?"

"அவனுக்குத்தான்."

"அவன் கேட்டானா?"

"கூட்டணிடா. கேக்கணுமா என்ன?"

சிரித்த சிரிப்பில் டீ மூக்கு வழியாக வந்தது அவனுக்கு. என் கீபோர்டில் இரண்டு சொட்டு.

"எங்க குப்பத்துல வந்து இத சொல்லிப் பாரு. காத்து தூக்கிச்சின்னா பக்கத்து குப்பத்து ஃபைபர் போட்டு எங்க மணல்ல வந்து ஏறும். ஏறலாம், யாரும் வேணான்னு சொல்ல மாட்டாங்கோ. ஆனா ஏறுன கையோட ஒரு ஆள் வந்து தலைவராண்ட சொல்லிட்டுப் போணும். 'காத்துக்கு ஒதுங்கிகினோம் அண்ணா'ன்னு. அவ்ளோதான்."

"சொல்லலன்னா?"

"மொத நாளு ஒண்ணியும் சொல்ல மாட்டாங்கோ. ரெண்டாம் நாளும் சொல்ல மாட்டாங்கோ. டீ கூட குடுப்பாங்கோ. பத்தாம் நாளு வந்து பாத்தா போட்டு இருக்கும், இஞ்சின் இருக்காது."

"மொத நாளே வாயைத் திறந்து சொல்லித் தொலைச்சா என்ன?"

"இன்னாத்துக்கு சொல்றது? அவனுக்கே தெரியணும்ல."

தெரியணும்ல! உலகத்திலேயே எனக்குப் பிடிக்காத வார்த்தை. பிழையை எல்லாம் எண்ணி உள்ளே வைத்துக்கொண்டு வெளியே ஒரு எழுத்து அச்சடிக்காத மெஷினை எந்த இன்ஜினியர் செய்வான்?

ஆனால் அவன் போன பிறகு கணக்குப் போட்டேன். படை நுழைவது 58. போர் 118. நடுவில் அறுபது. 119இல் போர் வந்த ஆட்டத்தில் படையை எப்போது அனுப்பினேன்? சேமித்து வைத்த பழைய ஆட்டத்தைத் திறந்து பார்த்தேன். 59. 116 வந்ததில்? 56.

சே.

மதியம் 2.30. எட்டாவது ஆட்டம். எல்லாம் முன்பு மாதிரியே, ஒரு மாற்றம்: குதிரைப்படை என் எல்லைக்கு உள்ளேயே. வ.ம. ஆற்றங்கரை காலி. என் மெஷினில்தான். ஊர்கிறது. ஆறு மணிக்கு டர்ன் 71.


செப்டம்பர் 11, வியாழன்

எலெக்ட்ரீஷியன் வந்துவிட்டார். அம்மா இன்றைக்குப் பேசுகிறாள்.

ஏழரைக்கே ஆபீஸ். யாரும் இல்லை, செக்யூரிட்டி அண்ணன் மட்டும். "இன்னா சார், வூட்ல சண்டையா?" என்றார்.

11.20. டர்ன் 118. "நண்பரே, நம் நட்பு நிலைக்கட்டும்."

119. அதே. 125. அதே. 140இல் கற்கோட்டைக்காரன் என் மேல் பாய்ந்தான், வ.ம. ஐந்நூறு வில்லாளிகளை அனுப்பினான். கேட்காமலேயே. ஆனால் என் எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் நின்று "வரலாமா?" என்று தூது விட்டு, நான் சரி என்று அழுத்திய பிறகுதான் உள்ளே வந்தார்கள்.

ஐந்து நிமிடம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கும் அந்தப் பொத்தான் இருக்கிறது. தூது மெனுவில், கடைசியில். "வழி கேள்." ஏழு ஆட்டத்தில் ஒரு முறை தொட்டதில்லை.

ஆக, பக் இல்லை. என் தப்பு. பழம்.

அப்புறம் இன்னொன்று உறைத்தது. பழைய ஆட்டத்தின் டர்ன் 117ஐத் திறந்தேன். நாளைக்குக் கழுத்தை அறுக்கப் போகிற மன்னன் என்ன சொல்கிறான்? "நண்பரே, நம் நட்பு நிலைக்கட்டும்." புதிய ஆட்டத்தின் டர்ன் 117? அதே வரி. அதே புன்னகை. ஏழுமலை வரைந்த அதே மீசை. அறுபது டர்ன் மனதுக்குள் கறுவியவனும், கறுவாதவனும் வெளியே ஒன்று. பார்க்கிறவனுக்கு எப்படித் தெரியும்?

இதைச் சொல்ல ரே. இடத்துக்குப் போனேன். மணி நாலு. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"வடகரை எத்தனைல உடையறான்? அறுபதா?"

திரும்பாமலே சொன்னாள். "நீ பதினாலு."

"என்ன பதினாலு?"

"என் மெஷின்ல நீ உக்காந்தது. பதினாலு தடவை. அதுல ரெண்டு தடவை ஓடிட்டிருந்த என் பில்டை நிறுத்திட்ட. ஒரு நாள் ராத்திரி எட்டு வரைக்கும் இருந்தேன் அதனால."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"நீ வரும்போதெல்லாம் 'சாப்டியா தினா'ன்னுதானே கேட்ட?"

"வேற என்ன கேக்கறது? எழுந்திருன்னா?"

"ஆமா! எழுந்திருன்னு சொல்லு! உன் ராஜாவும் இப்படித்தான். அம்பத்தொம்பது டர்ன் நண்பரே நண்பரேன்னுட்டு அறுபதாவதுல அடிக்கறான். அவனுக்கு வாய் குடுக்காம விட்டிருக்க நீ."

குரல் உயர்ந்துவிட்டது. பழம் டீம் பக்கமிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். அவள் தட்டுவதை நிறுத்தினாள். சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. என் பக்கம் திரும்பினாள்:

"அந்த வரி. கூட்டணியில இருந்ததே இல்லன்னு எழுதினியே. அதை டீம்ல பன்னெண்டு பேர் படிச்சாங்க."

இடத்துக்கு வந்துவிட்டேன்.

பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். தாம்பரம் வரை பின்னால் இரண்டு பெண்கள். "அவளா வந்து கேக்கட்டும்டி, நான் ஏன் சொல்லணும்?" கத்தலாம் போல இருந்தது.


செப்டம்பர் 12, வெள்ளி

வானம் மூட்டம். ஏசி சரியாகிவிட்டது, இப்போது குளிர்.

நாலு மணி மீட்டிங். பன்னிரண்டு பேரும் இருந்தார்கள். சுந்தர் சார் என்னைப் பார்த்தார்.

"நாலு டிக்கெட்டும் தப்பு சார்," என்றேன். "பக் இல்ல. அவன் ஊர்ல கேக்காம படையை நிறுத்தினேன். ரேவதி எழுதினது சரி. நான் எழுதின கடைசி வரியும் தப்பு."

ஏழுமலை மேசைக்கு அடியில் என் காலை மிதித்தான். பாராட்டா, சும்மாவா தெரியவில்லை.

"அப்ப திங்கக்கிழமை..." என்று சுந்தர் சார் ஆரம்பித்தார்.

"ஆனா அஞ்சாவதா ஒண்ணு போட்டிருக்கேன் சார். பக்னு போடல. மன்னன் கோபத்தை எண்ணறான், சொல்ல மாட்டேங்கறான். ஆடறவன் ஏழு ஆட்டம் தோத்தாலும் ஏன்னு கண்டுபிடிக்க மாட்டான். என்னையே பாருங்க."

"அது பில்டை நிறுத்தற அளவுக்கு இல்ல."

"இல்ல சார்."

சரி, முடிந்தது என்று நினைத்தேன். மாம்பழம், மாம்பழம், மாம்பழம்.

ரே. நிமிரவில்லை. லேப்டாப்பைப் பார்த்தபடியே, "அடுத்த பில்டுக்கு அது வேணும் சார்," என்றாள். "கோபம் ஏற ஏற மன்னன் பேச்சு மாறணும். நாலு மன்னன், ஆளுக்கு அஞ்சு நிலை, இருபது வசனம். எனக்கு அந்த மாதிரி எழுத வராது."

"யாருக்கு வரும்?"

"திட்டறது இவனுக்கு நல்லா வரும்."

சிரித்தார்கள். எல்லோரும். சுந்தர் சார் கூட. "ரெண்டு வாரம்," என்றார். "அப்புறம் பாக்கலாம்." பழத்தில் இருந்து தப்பித்தேனா, தள்ளிப் போயிருக்கிறதா, தெரியாது.

வெளியே வரும்போது கேட்டேன். வாயால். டிக்கெட்டில் இல்லை. "திங்கக்கிழமை உன் மெஷின் வேணும். உக்காரலாமா?"

"ஒண்ணேகால்ல இருந்து ரெண்டு. பில்டு ஓடுச்சுன்னா தொடாத. ரெண்டு மணிக்கு நான் வந்து நிக்கக் கூடாது, நீ எழுந்திருக்கணும்."

பாஸ்வேர்டைச் சொல்லவில்லை. அவளே வந்து போட்டுத் தருவாளாம்.

மூவாயிரம் குதிரைக்கு இவ்வளவு நிபந்தனை போடவில்லை வடகரைக்காரன். போட்டிருந்தால் நான் ஏழு முறை செத்திருக்க மாட்டேன்.

திங்களுக்கு:

1. நான்காவது டிக்கெட்டில் அந்த வரியை அழிப்பது. முதல் வேலை.
2. வ.ம. வசனம், நிலை ஒன்று, குதிரை நுழைந்த ஐந்தாவது டர்னிலேயே: "உமது குதிரைகள் எம் ஆற்றில் நீர் குடிக்கின்றன. எம்மை யாரும் கேட்கவில்லை." நிலை ஐந்து ஏழுமலையிடம் கேட்டு எழுதுவது. இஞ்சின் கழற்றுகிற குரல் வேண்டும்.
3. போனில் 1.55க்கு அலாரம்.
4. அவள் "சாப்டியா?" என்றால், "சாப்பிட்டேன், நான் உட்கார்ந்தது தொந்தரவா?" என்று திருப்பிக் கேட்பது.
5. "இல்ல" என்று சொன்னால் நம்பாதே. எழுந்திரு.