ஜீப்பை மறித்தவன்

இன்று காலை பார்சல் வந்தது. உன் நாவலின் இரண்டாம் பதிப்பு. பிரித்ததும் அடித்த புது மை வாசத்தில், நீ கண்ணை மூடி இரண்டு வருஷமாகிறது என்பதே ஒரு நிமிஷம் மறந்துவிட்டது. எட்டாம் வகுப்போடு நின்ற என் மனைவி எழுதியது என்று கூரியர்க்காரரிடமும் சொன்னேன். அவர் கேட்கவே இல்லை. எனக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை.

நான் ஜீப்பை மறித்த அந்த வருஷம், பழம் வெட்டும் நேரத்தில் மழை பிடித்து, நம் பந்தலில் தொங்கிய திராட்சையெல்லாம் வெடித்துப் போயிற்று. வியாபாரி யாரும் எட்டிப் பார்க்கவில்லை. நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பந்தலடியிலேயே கிடந்தேன். நீ கூடலூரில், கேரளா ஏலக்காய்த் தோட்டத்துக்குக் காலையில் ஆள் ஏற்றிப் போய் மாலையில் திரும்பும் ஜீப்பில் ஏறினாய். சொந்தத் தோட்டம் வைத்திருப்பவன் மனைவி கூலிக்குப் போவதா என்று எனக்கு ரோஷம். ஜீப்பை மறித்து, எல்லார் முன்னாலும் உன்னை இறக்கினேன்.

“தோட்டம் உங்க பேர்ல இருக்கு. பசி ரெண்டு பேருக்கும்தான இருக்கு,” என்றாய். திரும்ப ஏறிப் போய்விட்டாய். நாலு மாதம் ஒரே வீட்டில் பேச்சில்லாமல் இருந்தோம்.

பல வருஷம் கழித்து அதையெல்லாம் நாவலாக எழுதி, கையெழுத்துப் பிரதியை என் முன்னால் வைத்தாய். “ஜீப்பு வர்ற எடத்தப் படிங்க. வேணாம்னா எடுத்துர்றேன்.”

படித்தேன். அதில் வரும் புருஷன் மறிக்கிறான், கத்துகிறான், அவ்வளவுதான். எனக்கே அவனைப் பிடித்துப் போயிற்று. ஆனால் சோறு இறங்கவில்லை.

“ஒன்னைய அடிச்சேன்ல, அது எங்க?”

“அது வேணாங்க. நம்ம மகளோட மாமியா வீட்ல என்ன நெனைப்பாக?”

“நெனைக்கட்டும். எழுது.”

இந்த மடலில்கூட முதலில் அதை விட்டுவிட்டுத்தான் சொன்னேன், பார். நீ அன்றே மூன்று வரி சேர்த்தாய். வசவில்லை, அழுகையில்லை. கன்னத்தில் விழுந்த அடியும், ஜீப்பிலிருந்த பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டதும் மட்டும். இந்தப் பள்ளத்தாக்கில் அப்படி எழுத இன்னொருத்தி இல்லை. அடித்த அதே கையால் உன் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறேன்.

போன மாதம் தேனியில் ஒரு கல்லூரிக்குக் கூப்பிட்டார்கள். ஒரு மாணவி எழுந்து, “அந்தப் புருஷன் நெசமாவே இருந்தாராய்யா?” என்று கேட்டாள்.

“இருக்கேம்மா. நாந்தான்.”

யாரும் கைதட்டவில்லை. தட்டக் கூடாதுதான். அந்தப் பெண் புத்தகத்தைத் திறந்து அந்த மூன்று வரியையும் சத்தமாக வாசித்தாள். நான் எழுந்து நின்று கேட்டேன்.