முந்நூறு பைட்

ஜூன் 1, சனி
மாத முதல் தேதி. நண்பன் கிளமென்டின் பேச்சு நிரலுக்கான மூலக் கோப்புகள் ஒன்பதையும் வழக்கம்போல் இணையத்திலிருந்து இறக்கினேன். பழையவற்றின் மேல் புதியவை பதிந்தன. நோட்டில் டிக் போட்டேன்.

ஜூன் 4, செவ்வாய்
பொன்மலையிலிருந்து கிளமென்டின் மனைவி பிரான்சி போன் செய்தார். கரண்ட் ஏறி இறங்கியதில் கிளமென்டின் கம்ப்யூட்டர் எரிந்துவிட்டது. பேச்சைப் பறித்த தொண்டை ஆபரேஷனுக்கு முன் அவன் பதினொரு நாள் படித்துப் பதிந்த குரல் பென் டிரைவில் பத்திரமாக இருக்கிறது. அதைப் பேசவைக்கும் நிரலைத்தான் மறுபடி உருவாக்க வேண்டும். பதினாறாம் தேதி பேத்திக்கு நிச்சயதார்த்தம். தன் குரலில் ஆசி சொல்ல வேண்டும் என்று இருக்கிறான்.

"நீங்கதான் எல்லாம் எடுத்து வச்சிருப்பீங்களே சார்" என்றார். ஆமாம் என்றேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஜூன் 5
கோப்புகள் விரியவில்லை. பல லட்சம் பைட் இருக்க வேண்டியவை; ஒன்பதில் ஒன்றுகூட முந்நூறு பைட்டைத் தாண்டவில்லை. திறந்தால் ஒரே வரி: இக்கோப்பு வேறு முகவரிக்கு மாற்றப்பட்டுள்ளது.

அந்த முகவரிக்குத் தானாகப் போகாதே என்று, கோப்பை இறக்கும் கட்டளையில் எழுதியவன் நான்தான். கேட்ட இடம் ஒன்று, கொண்டுபோய் விடும் இடம் வேறு என்றால் எனக்குப் பயம். முகவரி மாறிப் பதினான்கு மாதம். பதினான்கு மாதமும் நல்ல கோப்பின் மேல் இந்த ஒற்றை வரியைப் பதிந்து, டிக் போட்டு — அளவைப் பார்க்கத் தோணலையா? முப்பது வருஷம் கம்ப்யூட்டர் செக்‌ஷன்ல என்னத்தைக் கிழிச்சேன்?

ஜூன் 7
புது முகவரியில் தளமே இல்லை. மார்ச்சில் மூடிவிட்டார்களாம். மார்ச் வரை இருந்திருக்கிறது. நிரலை எழுதிய பேராசிரியருக்கு அனுப்பிய மின்னஞ்சல் திரும்பி வந்தது.

ஜூன் 8
பிரான்சி மூன்று முறை கூப்பிட்டார். எடுக்கவில்லை.

ஜூன் 12, புதன்
பொன்மலை போனேன். "கரண்டு பண்ண வேலைக்கு நீங்க ஏன் சார் மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு பிரான்சி காபி போட உள்ளே போனார். அந்த நேரத்தில் கிளமென்டிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் நோட்டை இழுத்து எழுதினான்: "நீ போனை எடுக்காதப்பவே தெரியும்யா." கொஞ்சம் யோசித்து, அதன் கீழே: "அவகிட்ட சொல்லாத. ஞாயித்துக்கிழமை என் ஆசிய நீ படி."

நான் எங்கும் மேடை ஏறியதில்லை. அது அவனுக்குத் தெரியும்.

ஜூன் 16, ஞாயிறு
படித்தேன். ஆறு வரி. வேலை பார்த்த நாட்களில் கிளமென்ட் கூப்பிட்டால் ரயில்வே ஷெட்டின் மறுகோடியில் திரும்பிப் பார்ப்பார்கள். நான்காம் வரியில் பின் வரிசையிலிருந்து யாரோ "கேக்கலைங்க" என்றார்கள். கிளமென்ட் பேத்தியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுபடி முதலிலிருந்து படித்தேன். அப்போதும் கேட்டிருக்காது.